ஆணையத்தின் ஆஸ்தானப் பாதிக்கப்பட்டவர்

அந்த நாட்டில் உரிமைகளுக்குப் பஞ்சமே கிடையாது. வயிறாரச் சாப்பிட உரிமை, வேலை பார்க்க உரிமை, கூரைக்குக் கீழே தூங்க உரிமை, நோய் வந்தால் மருந்து குடிக்க உரிமை, தாய்மொழியில் பாட்டுப் பாட உரிமை என்று வண்டி வண்டியாக இருந்தன. இவற்றை யாரும் தூக்கிக்கொண்டு போய்விடாமல் பாதுகாக்க ஓர் ஆணையம் இருந்தது. பாதுகாப்பு போதவில்லை என்று வெளிநாட்டில் யாரோ முணுமுணுத்ததால், அந்தப் பாதுகாப்பை வலுப்படுத்த ஆணையத்துக்குள்ளேயே இன்னொரு பிரிவும் இருந்தது. பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகள் பாதுகாப்பு வலுப்படுத்தல் பிரிவு என்று அதற்குப் பெயர். பலகை எழுத வந்தவருக்குப் பாதியிலேயே இடம் தீர்ந்துவிட்டது. மனுஷன் கொஞ்சமும் கலங்காமல் மீதியைத் திரும்பிப் போகும் சுவரில் எழுதிவிட்டுப் போய்விட்டார். ஆகவே 'பாதுகாப்பு வலுப்படுத்தல்' என்பது கழிவறைக்குப் போகிறவர்களுக்கு மட்டும் தெரியும்.

நம் ஆள் அந்தப் பிரிவில் எழுத்தர். பெயர் என்று ஒன்று இருந்தது. சம்பளம் வாங்கும்போது பயன்பட்டது. மற்ற நேரமெல்லாம் அலுவலகமே அவரைப் 'பாதிப்பு' என்றுதான் கூப்பிட்டது. "பாதிப்பு வந்தாச்சா?", "பாதிப்புக்கு டீ குடுத்தாச்சா?" என்று மேலிடத்திலிருந்தே அன்பாக விசாரிப்பார்கள். எல்லாவற்றுக்கும் காரணம் அவருடைய முகம்.

விஷயம் இதுதான். சில வருஷங்களுக்கு ஒரு முறை உலக மன்றத்திலிருந்து நிபுணர்கள் வந்து, உங்கள் நாட்டில் உரிமைகளெல்லாம் சௌக்கியமா என்று கேட்பார்கள். அவர்கள் வருவதற்கு முன் ஆணையத்தில் ஒத்திகை நடக்கும். ஒரு பக்கம் நிபுணர்களாக நடிக்கும் அதிகாரிகள், எதிர்ப்பக்கம் அதிகாரிகளாகவே நடிக்கும் அதிகாரிகள், நடுவில் பாதிக்கப்பட்டவருக்கு ஒரு நாற்காலி. ஆரம்பத்தில் அந்த நாற்காலிக்கு நிஜமாகவே பாதிக்கப்பட்ட ஒருவரைத் தேடிப் பிடித்து அழைத்து வந்தார்கள். அவர் உட்கார்ந்ததும் உட்காராததுமாக, "எப்ப குடுப்பீங்க?" என்று கேட்டுவிட்டார். கேட்கிற கேள்வியா இது! நிகழ்ச்சி நிரலில் அப்படி ஒரு கேள்வியே இல்லை. அவருக்குப் பிஸ்கட் கொடுத்து அனுப்பிவிட்டு, செயலாளர் அம்மா அறையைச் சுற்றிலும் பார்த்தார். மூலையில் கோப்புக்கட்டை அணைத்துக்கொண்டு நின்ற எழுத்தரின் முகத்தில் வந்து அவர் கண் நின்றது. பிறந்த நாளிலிருந்தே எதையோ தொலைத்துவிட்டு, அதை வெளியே சொல்லக் கூச்சப்படுகிற முகம்.

"நீங்க வந்து உக்காருங்க. பேசக்கூட வேணாம். சும்மா உக்காந்தாலே போதும்."

உட்கார்ந்தவர்தான். அன்றிலிருந்து அவர் பட்டினி கிடந்தார், வேலையை இழந்தார், மருந்தில்லாமல் துடித்தார், தாய்மொழியை மறந்து தவித்தார். எல்லாம் காலை டீக்கு முன்னால். போகப்போகக் கலை கைவந்துவிட்டது. எந்தச் சொல்லில் குரல் உடைய வேண்டும், எங்கே மூக்கை உறிஞ்ச வேண்டும், எங்கே பேச்சை நிறுத்திவிட்டுக் கூரையைப் பார்க்க வேண்டும் என்பதெல்லாம் அத்துப்படி. 'நமக்குள்ள ஒரு பெரிய கலைஞன் ஒளிஞ்சிருந்திருக்கான் பாரேன்' என்று கண்ணாடி முன் நின்று தன்னைத்தானே மெச்சிக்கொள்வார். மெச்ச வேறு ஆளும் இல்லை.

மனைவி மெச்சுகிற ரகமல்ல. வீட்டு முன்னறையில் தையல் மெஷின் போட்டு அந்த வட்டாரத்துக்கே துணி தைத்துக் கொடுப்பவள். வார்த்தையையும் அளவெடுத்துத்தான் வெட்டுவாள்.

"ஆபீசுல குடிதண்ணி வேணும்னு அழுது பொரண்டீங்களாமே? இங்க குழாய்ல தண்ணி வரலைன்னு வீட்டுக்காரர்கிட்ட ஒரு வார்த்தை கேக்க வாய் வரல."

"அது வேற, இது வேற. அது தொழில்."

"அப்ப இது என்ன?"

"நமக்காக நாமே கேட்டா... நல்லா இருக்காதும்மா."

பொய் சொல்லவில்லை. தனக்கென்று வாய் திறந்து எதையும் கேட்டறியாத ஜீவன் அது. பேருந்தில் தான் பிடித்து வைத்த இடத்தில் வேறு யாராவது உட்கார்ந்தால், அவருக்கு வசதியாக இருக்கிறதா என்று விசாரித்துவிட்டு நின்றுகொண்டே வருவார்.

இப்படி இருக்கையில் ஒரு விடுமுறை நாளில் வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டினார். அந்தக் கட்டடத்தில் கீழே இவர்கள் குடும்பம்: அவர், மனைவி, பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்ற மாமனார். மேலே ஒரு நர்ஸ், படுத்த படுக்கையான தன் அம்மாவோடு இருந்தாள். மாமனாருக்குச் சர்க்கரை கூடினாலும் குறைந்தாலும் முதலில் ஓடி வருவது அவள்தான்.

வீட்டுக்காரர் உட்காரவில்லை. "தப்பா நினைச்சுக்காதீங்க. மேல, கீழ எல்லாரும் இந்த மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணித் தரணும். அரசாங்க ஆபீஸ் ஒண்ணு இங்க வருதாம். என்னால முடியாதுன்னு சொல்ல முடியல."

"என்ன ஆபீஸ்?" என்று உள்ளேயிருந்து மாமனார் கேட்டார்.

"என்னமோ, ஜனங்களோட வீட்டு உரிமையப் பாதுகாக்கிற ஆபீசாம்."

மாமனார் சிரிக்க ஆரம்பித்து, சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்கத் தண்ணீர் கொடுக்க வேண்டியதாயிற்று. மருமகனுக்கோ சிரிப்பு வரவில்லை. போன மாதக் கூட்டம் ஞாபகம் வந்துவிட்டது. நாம் மக்களைவிட்டு ரொம்பத் தூரத்தில் இருக்கிறோம் என்று அன்றைக்குத் தலைவர் வருத்தப்பட்டார். எல்லாரும் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, யாரும் கேட்காமல், கேட்க வேண்டிய அவசியமும் இல்லாமல், இவர்தான் எழுந்து, "ஜனங்க குடியிருக்கிற தெருவுலயே நம்ம ஆபீஸ் இருக்கணும் சார், எங்க தெரு மாதிரி" என்றார். தலைவர் கை தட்டினார். தலைவர் தட்டியதால் எல்லாரும் தட்டினார்கள். எந்தத் தெரு, எந்தப் பக்கம் என்று தலைவர் கேட்டதும், இவர் புளகாங்கிதப்பட்டுப் பேப்பரில் வழி வரைந்தே காட்டினார். தன் வீட்டை ஒரு பெட்டியாகப் போட்டு, பக்கத்தில் 'நல்ல காற்றோட்டம்' என்று எழுதியதுவரை நினைவுக்கு வந்தது. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறோம். வழிப்படம் போட்டுக் கொடுத்து வைத்துக்கொண்டவர் இவர் ஒருவர்தான்.

அதை மனைவியிடம் சொன்னபோது அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. மெஷினை நிறுத்திவிட்டு, "முன்னறை போனா என் தொழில் போச்சு. இங்க சம்பாதிச்ச கைராசியத் தூக்கிட்டு எந்தத் தெருவுல போய் உக்காருவேன்? அப்பாவ எந்த மாடியில ஏத்துவேன்?" என்றாள். பிறகு, "கேளுங்க. போய்க் கேளுங்க. ஊருக்கெல்லாம் அழுத வாய்தானே? ஒரு தடவ நமக்காக அழுங்க" என்றாள்.

மறுநாள் காலை அவர் நேராக ஆணையத்தின் புகார் ஜன்னலுக்குப் போனார். ஊழியர் வழியாக அல்ல, பொதுமக்கள் வழியாக. வாழ்க்கையிலேயே முதல் தடவையாகத் தன் புகாரைத் தானே சொன்னார்.

ஜன்னலுக்குப் பின்னால் இருந்த பெண் கன்னத்தில் கை வைத்துக் கேட்டாள். "ஒத்திகை வியாழக்கிழமைதானேண்ணே?"

"ஒத்திகை இல்லம்மா. இது நிஜம்."

"ஐயோ, அந்த 'நிஜம்'ங்கறத எப்படிச் சொல்றீங்க! புல்லரிக்குது. ஏய், இங்க வாங்கடி, அண்ணன் புதுசா ஒண்ணு போட்டிருக்காரு! அண்ணே, முதல்லேருந்து இன்னொரு தடவ."

அவர்கள் கூடிவிட்டார்கள். அவரும் இன்னொரு தடவை சொன்னார். என்னத்தைச் சொல்ல, கூட்டம் கூடினால் அவருக்குக் கொஞ்சம் உற்சாகம் வந்துவிடுகிறது. முடித்ததும் எல்லாரும் கை தட்டினார்கள். அவர் தலை குனிந்து வணங்கிவிட்டு, 'அட மடையா, எதுக்கு வணங்கற?' என்று தன்னையே திட்டிக்கொண்டு செயலாளர் அம்மாவின் அறைக்குப் போனார்.

செயலாளர் அம்மா முழுவதும் கேட்டார். குறிப்புக்கூட எடுத்தார். "நல்லா இருக்கு. ஆனா 'வெளியேத்தறாங்க'ன்னு ஒரு வார்த்தை சொன்னீங்களே, அது வேணாம். காதுக்கு முரடா இருக்கு. நம்ம சொல் பட்டியல்ல அதுக்கு என்ன போட்டிருக்கு?"

"'இடம் மாறும் வாய்ப்பு', மேடம்."

"எவ்வளவு அழகா இருக்கு பாருங்க! யாரு எழுதினது?"

"நான்தான் மேடம்."

"அதான பார்த்தேன்," என்று அந்த அம்மாள் பெருமையோடு சிரித்தார். இவரும் சிரித்துத் தொலைத்தார்.

மிச்சம் இருந்தது தலைவர். குளிரூட்டிய அறை, ஆளை விழுங்கும் நாற்காலி. தலைவர் நல்ல மனிதர். யாரையும் கடிந்து ஒரு வார்த்தை சொல்லமாட்டார், யாருக்கும் ஒன்றும் செய்யவும் மாட்டார். இவர் சொன்னதைக் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, மெல்லத் தொண்டையைக் கனைத்தார்.

"தம்பி, உரிமைன்னா என்னன்னு முதல்ல புரிஞ்சுக்கணும். கேட்டவுடனே குடுத்துட்டா அது தானம். படிப்படியா குடுத்தாத்தான் உரிமை. நாம கையெழுத்துப் போட்ட உடன்படிக்கையே அப்படித்தான் சொல்லுது: படிப்படியா, இருக்கிற வசதிக்குள்ள. அந்த ரெண்டும் இல்லைன்னா நாம கையெழுத்தே போட்டிருக்க மாட்டோம். நான் வேலையில சேர்ந்த நாள்லேருந்து முதல் படியிலதான் நிக்கறேன். ஒரு நாள்கூடக் கீழ இறங்கினதில்ல. எத்தனை நாடு அப்படிச் சொல்ல முடியும்?"

"சார், அது என் வீடு சார்."

"அதத்தான் நானும் சொல்றேன். தனியார் கையில இருந்தவரைக்கும் அந்த வீட்டுக்கு என்ன பாதுகாப்பு? நாளைக்கே யார் வேணும்னாலும் உங்களக் காலி பண்ணச் சொல்லலாம். இனிமே அரசாங்கமே அதப் பாதுகாக்குது. இந்த நாட்டுலயே பத்திரமான வீடு இப்ப உங்க வீடுதான்."

"ஆனா நாங்க அதுல இருக்க மாட்டோமே சார்."

"வீட்டு உரிமைங்கறது வீடு சம்பந்தப்பட்டது. ஆளுக்குத் தனிப் பிரிவு இருக்கு," என்றார் தலைவர் கனிவாக.

"நன்றி சார்," என்றார் இவர். வெளியே வந்து பாதித் தூரம் நடந்த பிறகுதான் எதற்கு நன்றி சொன்னோம் என்று யோசித்தார்.

வியாழக்கிழமை ஒத்திகைக்கு, பாதிக்கப்பட்டவரைச் செம்மைப்படுத்த வெளியிலிருந்து ஒரு பேச்சுப் பயிற்சியாளரை வரவழைத்திருந்தார்கள். நம் ஆள் நாற்காலியில் உட்கார்ந்து, எழுதிக் கொடுத்த கதையை விட்டுவிட்டுத் தன் கதையை எடுத்தார். முன்னறை, தையல் மெஷின், மாமனார், மேல் வீட்டு நர்ஸ், படுக்கையில் கிடக்கும் அவள் அம்மா என்று ஒன்றும் விடவில்லை. சொல்லி முடித்தார். இப்போதாவது புரிந்ததா என்று ஆவலோடு பார்த்தார்.

"கூட்டம் ஜாஸ்தி," என்றார் பயிற்சியாளர். "உங்க கதைக்குள்ள எதுக்கு நர்ஸ், நர்ஸோட அம்மா? ஒருத்தர் கஷ்டப்பட்டா அது அனுபவம். கேக்கறவங்க மனசு உருகும். நாலு பேர் கஷ்டப்பட்டா அது பிரச்சினை. பிரச்சினைன்னா பதில் சொல்லணும். யாருக்குப் பிடிக்கும்? உங்களப் பத்தி மட்டும் பேசுங்க."

இவர் தலையாட்டினார். நல்ல நுணுக்கம் என்றுகூடத் தோன்றியது. மனதில் குறித்துக்கொண்டார்.

அப்போதுதான் செயலாளர் அம்மா புதுச் சேதி சொன்னார். இந்தத் தடவை நிபுணர்கள் அலுவலகத்தில் மட்டும் உட்கார்ந்து பேசமாட்டார்களாம்; ஒரு வீட்டையும் நேரில் பார்க்க வேண்டுமாம். நம் புதுக் கட்டடத்தையே காட்டிவிடலாம், ஆனால் அதில் யாராவது குடியிருந்தால் பார்க்க நன்றாக இருக்கும்.

"இருக்காங்க மேடம்," என்றார் இவர்.

"யாரு?"

"நாங்கதான்."

"அட, ரொம்ப வசதியாப் போச்சு! அவங்க வந்துட்டுப் போற வரைக்கும் அங்கயே இருங்க. சாயங்காலம் காலி பண்ணிடலாம்."

அப்புறம் நடந்த அமர்க்களத்தைக் கேட்க வேண்டுமா? தண்ணீர் வராத குழாய்க்குப் பளபளவென்று புதுத் திருகு மாட்டினார்கள். சுவருக்கெல்லாம் வெள்ளையடித்தார்கள். வாடகை சோபா வந்து இறங்கியது. வாசலில் 'வீட்டு உரிமை: ஒரு வாழும் அனுபவம்' என்று பதாகை ஏறியது. மூட்டை கட்டி வைத்திருந்த சாமான்களைக் கண்ணில் படாமல் கொல்லைப்புறம் தள்ளினார்கள். மேல் வீட்டு நர்ஸிடம், பெரியவர்கள் போகும்வரை கீழே இறங்க வேண்டாம் என்று பணிவாகச் சொன்னார்கள். மாமனாருக்குப் புதுச் சட்டை போட்டுவிட்டு, சிரித்த முகமாக இருக்கச் சொன்னார்கள்.

"எந்த ஸ்டாப் வரைக்கும் சிரிக்கணும்?" என்று கேட்டார் அவர்.

நிபுணர் ஒரு வயதான அம்மாள். தட்டைச் செருப்பு, தோளில் தொங்கும் பை, பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர். தலைவர் காட்டிய சோபாவில் உட்காராமல், தையல் மெஷின் பக்கத்தில் கிடந்த ஸ்டூலில் போய் உட்கார்ந்து, எவ்வளவு காலமாக இங்கே இருக்கிறீர்கள் என்று மனைவியிடம் கேட்டார்.

"கல்யாணம் ஆன நாள்லேருந்து," என்றாள் அவள். "இன்னிக்குச் சாயங்காலம் வரைக்கும்."

மொழிபெயர்ப்பாளர் தயங்கித் தயங்கி மொழிபெயர்த்தார். தலைவர் கடகடவென்று சிரித்து, எங்கள் பெண்களுக்கு நகைச்சுவை உணர்வு அதிகம் என்றார். அந்த அம்மாள் சிரிக்கவில்லை. மனைவியும் சிரிக்கவில்லை. அம்மாள் மெல்லத் திரும்பிக் கணவனைப் பார்த்தார். சாயங்காலம் என்ன நடக்கும் என்று கேட்டார்.

செயலாளர் அம்மா கண்ணாலேயே சொல் பட்டியலை நினைவூட்டினார். மனைவி ஒன்றும் நினைவூட்டவில்லை. சும்மா பார்த்தாள்.

சொல்லிவிட்டார். எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். வழிப்படம் போட்டுக் கொடுத்ததையும் சேர்த்துச் சொன்னார். 'முன்னறை' என்ற சொல்லில் குரல் உடைந்தது. மாமனாரைப் பற்றிச் சொல்லும்போது மூக்கை உறிஞ்சினார். நடுவில் நிறுத்திக் கூரையைப் பார்த்தார். 'அடப்பாவி, இது நிஜம்டா! நிஜத்துக்கும் அதே இடத்துலதான் அழணுமா?' என்று உள்ளே ஒருவன் பல்லைக் கடித்தான். ஆனாலும் எந்த இடத்தில் முடிக்க வேண்டும் என்று தெரிந்து, மிகச் சரியாக அந்த இடத்தில் முடித்தார். நான், என் மனைவி, என் மாமனார். அவ்வளவுதான்.

அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்போது தலைவர் எழுந்தார். என்ன இருந்தாலும் அனுபவம் அனுபவம்தான். முகத்தில் ஒரு சுருக்கம் விழவில்லை.

"இந்தக் குடும்பம் எங்கயும் போகாது. கீழ் வீடு இவங்களுக்குத்தான். இந்த நிமிஷமே அறிவிக்கறேன். படிப்படியாங்கறது இதுதான் அம்மா. இன்னிக்கு எங்க நாட்டுல ஒரு குடும்பத்துக்கு வீட்டு உரிமை முழுசாக் கிடைச்சாச்சு. பாக்கி ஜனங்களும் எங்க பார்வையிலதான் இருக்காங்க."

கைதட்டல் அதிர்ந்தது. நான் வரும்போதெல்லாம் இவர்களைப் பார்ப்பேன் என்று அந்த அம்மாள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனார். அப்படியென்றால் வெளியேற்றவே முடியாது! மாமனார் புதுச் சட்டையைத் தடவிக்கொண்டே, "மாப்பிள்ளை, இத்தன நாள் இந்த வாய எங்க வச்சிருந்தீங்க?" என்றார். மனைவி எல்லார் முன்னாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டாள். நமக்காக ஒரு தடவை வாய் திறந்து கேட்டோம், கிடைத்துவிட்டது. அவருக்குக் கால் தரையில் பாவவில்லை.

மறுநாள் காலை வாசலில் வண்டி நின்றது. ஆணையத்தின் மேஜை நாற்காலிகளோ என்று அவர் எட்டிப் பார்த்தார். அவை பின்னால் வேறு வண்டியில் காத்திருந்தன. முன்னால் நின்ற வண்டியில் நர்ஸின் பாத்திரங்கள் ஏறிக்கொண்டிருந்தன. அவள் அம்மாவை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்து வாசலோரம் உட்கார்த்தியிருந்தார்கள். வெயில் முகத்தில் அடித்தது. அந்த மூதாட்டி கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

நர்ஸ் மாடியிலிருந்து கட்டிலின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அண்ணே, கீழ ஒரு கை குடுக்கறீங்களா? சுவத்துல இடிச்சிடாம. புதுசா வெள்ளையடிச்சிருக்காங்க."

அவர் ஏறிப் போய் மறுமுனையைப் பிடித்தார். படி திரும்பும் இடத்தில் கட்டில் சிக்கிக்கொண்டது. அதைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டே அவள் சொன்னாள்.

"நேத்து நீங்க பேசினது மேல வரைக்கும் நல்லாக் கேட்டுச்சுண்ணே. அம்மாகூட அழுதுட்டாங்க."

அவர் கட்டில் காலைச் சுவரிலிருந்து விலக்கிப் பிடித்தார்.

"எங்களப் பத்தி எப்ப சொல்வீங்க, எப்ப சொல்வீங்கன்னு இதோ, இங்கதான் உக்காந்து கேட்டுக்கிட்டே இருந்தேன். கடைசியில மோளம் அடிக்கிற மாதிரி கை தட்டினாங்களா, அதுல எனக்குத்தான் காதுல விழாமப் போச்சோன்னு நினைச்சேன்."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே சந்தேகம் கேட்கிற மாதிரிதான் கேட்டாள். ஆமாம்மா, சொன்னேன், உனக்குக் கேட்டிருக்காது என்று சொல்லிவிட ஒரு நொடி போதும். நாக்கு நுனியில் அது தயாராகவே நின்றது. அந்த நாக்கின் மேல் அவருக்கு அருவருப்பு வந்தது.

"இல்லம்மா," என்றார். "சொல்லல. எங்களுக்கு மட்டுந்தான் கேட்டேன்."

அவள் அவரை ஒரு முறை பார்த்தாள். கீழே வண்டிக்காரர் ஹாரன் அடித்தார்.

"தூக்குங்கண்ணே," என்றாள். தூக்கினார்.